கல்லூரி லேபில் மைக்ரோகன்ட்ரோலர் பயிற்சிக்கு எந்தப் புரோகிராமர், எந்தக் கனெக்டர் வாங்கலாம்?

புதிய லேப் அமைக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, பணமோ கம்ப்யூட்டர்களிலேயே தீர்ந்துவிட்டது என்று ஊகிக்கிறேன். புரோகிராமர் (சிப்புக்குள் புரோகிராமை ஏற்றும் கருவி) இருக்கட்டும், முதலில் கனெக்டரைப் பாருங்கள்.

ஒரு பொறியியல் கல்லூரியில் 11 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அட்மெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை வைத்து 24 போர்டுகள் செய்யக் கொடுத்தோம். புரோகிராம் ஏற்றும் 6 பின் இணைப்புக்கு நான் எழுதிக் கொடுத்தது, கேபிள் ஒரே திசையில்தான் நுழையும்படி ஒரு பக்கம் வெட்டு உள்ள பாக்ஸ் ஹெடர். வந்து சேர்ந்தது சுற்றுச் சுவர் இல்லாத வெறும் பெர்க் பின். போர்டுக்குச் சில ரூபாய் மிச்சமாம். அதில் எஃப்.ஆர்.சி. என்கிற தட்டையான ரிப்பன் கேபிளை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் உட்கார்ந்துவிடும். தலைகீழாக உட்கார்ந்தால் புரோகிராமரின் 5 வோல்ட் போர்டின் ரீசெட் பின்னுக்குள் போகும், கிரவுண்ட், சிப் டேட்டா அனுப்பும் மிசோ பின்னில் ஏறும். ஒரே செமஸ்டரில் நான்கு யு.எஸ்.பி.ஏ.எஸ்.பி. புரோகிராமர்கள் போயின. சிவப்புக் கம்பிதான் முதல் பின் என்று பலகையில் எழுதி வைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வரும் மாணவர்கள் பலகையையா பார்ப்பார்கள்?

கவனமாகச் செருகினால் போதாதா என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள். வீட்டு மேசையில் ஒற்றைப் போர்டு வைத்திருப்பவருக்குப் போதும். நான் சொல்வது லேபுக்கு.

என் பக்கமும் ஒரு தவறு உண்டு. செத்துவிட்டது என்று நான் ஒதுக்கிய சிப்களில் சில நன்றாகவே இருந்தன. புதிய அட்மெகா328பி 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். புரோகிராமர் டேட்டா அனுப்பும் கடிகார வேகம் அதில் கால் பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்ததும் அவை பேசின.

ஆனால் உடைந்த பொருள் பதிவேட்டில் அந்த நான்கு புரோகிராமர்களுக்கும் கையெழுத்துப் போட்டவன் நான்தான், பெர்க் பின் வாங்கியவர் அல்ல. மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்திட மட்டும் எனக்குத் தகுதி போதாதாம். சரி, அது வேறு கதை.

ஏ.வி.ஆர். (அட்மெகா328பி சேர்ந்த சிப் குடும்பம்) என்றால் யு.எஸ்.பி.ஏ.எஸ்.பி. போதும், அதன் முனை 10 பின், 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டரும் சேர்த்து வாங்குங்கள். எஸ்.டி.எம்.32 என்ற வேறு சிப் குடும்பம் என்றால் அதற்கான புரோகிராமர் எஸ்.டி.-லிங்க், ஜம்பர் வயர்கள் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும், அதனால் போர்டில் ஒரே திசையில் மட்டும் செருகும் 4 பின் ரெலிமேட் கனெக்டர் வைக்கச் சொல்லுங்கள். 3.3 வோல்ட் போர்டுகளுக்கு 5 வோல்ட் புரோகிராமரை நீட்டாதீர்கள். யு.எஸ்.பி. கேபிளைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றி டேட்டா கடத்தாத கேபிள்கள் நிறையக் கலந்து கிடக்கின்றன.