வாசகர் கேள்வி: ஆட்டிசம் குழந்தைய சேர்க்க மாட்டேங்குறாங்க

கேள்வி: என் பையனுக்கு 7 வயசு, ஆட்டிசம் இருக்கு. வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போங்கன்னு சொல்லிட்டாங்க. வெளிநாட்லயும் இப்படித்தானா?
- ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: இல்லம்மா. இத்தாலிய எடுத்துக்குங்க, 1977லயே சட்டம் போட்டு தனி வகுப்புகள எடுத்துட்டு எல்லா பிள்ளைங்களையும் சாதாரண வகுப்புலயே உக்கார வெச்சாங்க, கூடவே ஒரு துணை டீச்சர், அவங்க அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்ல மொத்த வகுப்புக்கும் டீச்சர், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான். அமெரிக்காவுல 1975 சட்டப்படி குறைபாடு இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதணும், அந்த மீட்டிங்ல அப்பா அம்மாவும் உக்காருவாங்க, ஒத்துவரலன்னா எதிர்த்து முறையிடலாம். ஆனா ஜெர்மனில இன்னமும் தனிப் பள்ளிகள் நெறைய இருக்கு.

நம்ம நாட்லயும் சட்டம் இருக்கும்மா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு. அரசு அங்கீகாரம் வாங்கின ஸ்கூல் பாகுபாடு காட்டாம சேர்க்கணும். குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சர்டிஃபிகேட் இருந்தா 6லேருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி, பக்கத்து ஸ்கூலா ஸ்பெஷல் ஸ்கூலான்னு தேர்ந்தெடுக்கிறது உங்க பக்கம், அவங்க பக்கம் இல்ல. நமக்குக் குறையிறது பயிற்சி எடுத்த டீச்சருங்கதான், ஏற்காடு மலைக் கிராமங்கள நெனச்சா இன்னும் கவலையா இருக்கு.

வாயால கேக்காதீங்க, அட்மிஷன் மனுவ எழுத்துல குடுத்து, மறுத்தா அதையும் எழுத்துல வாங்குங்க. அப்புறம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு குடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் குடுக்கலாம்.