காலி மனையில் சீப்பை உரசுவது யார்?

கேள்வி: மழை விட்ட ராத்திரி, பக்கத்துக் காலி மனையில் காதைப் பிளக்கும் சத்தம். டார்ச் அடித்தால் தண்ணீர்தான் தெரிகிறது. ‘தேரை அது, தென்னையில் ஏறிக் காயை மோந்துவிடும், அடித்துப் போடு’ என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஊமச்சிகுளம்

பதில்: அடிப்பது இருக்கட்டும், முதலில் கண்டுபிடியுங்கள் பார்ப்போம்! ஒரு சீப்பை எடுத்து அதன் பற்களில் கட்டைவிரல் நகத்தை ‘கர்ர்ர்’ என்று இழுங்கள். அதே சத்தமா? சரி, அப்படியானால் அது குறுவாய்த் தவளை. அறிவியல் பெயர் மைக்ரோஹைலா ஆர்னேட்டா. ஆள் மொத்தமே இரண்டரை சென்டிமீட்டர்தான். ஒரு ரூபாய் நாணயத்தில் உட்கார்ந்துவிடும். கத்துவது ஆண். தொண்டைப் பை உப்பும்போது தவளையைவிடப் பைதான் பெரிதாகத் தெரியும்.

நாகமலை அடிவாரத்தில் முதன்முதலாக இதைத் தேடிப் போனபோது அரைமணி நேரம் சுற்றி, சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்ததுதான் மிச்சம். அப்புறம்தான் வித்தை பிடிபட்டது. இரண்டு பேர் தள்ளித் தள்ளி நின்று, சத்தம் வரும் திசைக்கு ஆளுக்கொரு டார்ச் அடிக்க வேண்டும். இரண்டு வெளிச்சமும் வெட்டுகிற இடத்தில், தண்ணீரோரப் புல்லடியில் இருக்கும். முதுகைப் பாருங்கள்: கண்களுக்கு நடுவே தொடங்கி, கழுத்தில் ஒடுங்கி, இடுப்புப் பக்கம் அகலும் கரும்பழுப்புக் கோலம்.

காலையில் போனால் தண்ணீர்மேல் ஜவ்வரிசிக் கஞ்சி ஆடை படிந்ததுபோல முட்டைகள் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். தலைப்பிரட்டை கண்ணாடி மாதிரி. தண்ணீருக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் தொங்குவதாகத் தோன்றும். கண்மாயை விட்டு இப்படி மழைக்குட்டையைத் தேடி வருவதில் ஒரு லாபம் உண்டு, முட்டையைத் தின்ன அங்கே மீன் இல்லை. குட்டை வற்றுவதற்குள் கால் முளைத்துக் கரையேற வேண்டும், அவ்வளவுதான்.

தென்னை விஷயம்: மரமேறும் தவளைக்கு விரல் நுனியில் பெரிய வட்டு இருக்கும், இதற்குக் கிடையாது. வாயில் பல்லும் இல்லை, எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. மட்டையும் ஓடும் தாண்டி எந்தத் தவளையும் பருப்பை ‘மோந்து’விட முடியாது. காய் ஒல்லியாகி உள்ளே வறண்டு போவது சத்துக் குறைவாலும் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததாலும். மாமியாரிடம் மரத்துக்கு உரம் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.