பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கம், பாரிஸ், 1789 ஏப்ரல் முதல் ஜூலை வரை: கேள்வி பதில்

கேள்வி: ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடச் சொன்னது பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்தானே?

பதில்: இல்லை. யாரோ ஓர் இளவரசி சொன்னதாகத் தத்துவ எழுத்தாளர் ரூசோ எழுதிய கதை அது. அவர் எழுதியபோது மரி அந்துவானெத் பிரான்ஸுக்கே வரவில்லை.

கேள்வி: மக்கள் தாக்கிப் பிடித்தபோது, பாரிஸின் சிறைக் கோட்டையான பாஸ்டிலில் எத்தனை அரசியல் கைதிகள் இருந்தார்கள்?

பதில்: மொத்தக் கைதிகளே 7 பேர்தான். நான்கு பேர் மோசடிக்காரர்கள், இருவர் மனநிலை பிறழ்ந்தவர்கள், ஒருவரைக் குடும்பத்தாரே அடைத்து வைத்திருந்தார்கள்.

கேள்வி: பிறகு ஏன் அதைத் தாக்கினார்கள்?

பதில்: வெடிமருந்துக்காக. ஆனால் தாக்குதல் நடந்த ஜூலை 14இல் கதையைத் தொடங்காதீர்கள், ரொட்டி விலையில் தொடங்குங்கள். 1788 ஜூலையில் பெய்த ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. அடுத்த ஆண்டு நான்கு பவுண்டு ரொட்டி பதினான்கரை சூவுக்கு (சூ என்பது அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) ஏறியது. கூலியாளின் நாள் வருமானம் 20, 30 சூதான். பாதிக்கு மேல் ரொட்டிக்கே போனால் வீடு எப்படி நடக்கும்?

இந்த நிலையில், மக்கள் நம்பியிருந்த அமைச்சர் நெக்கரை மன்னர் ஜூலை 11 அன்று நீக்கினார். பாரிஸைச் சுற்றிப் படைகள் வேறு குவிந்திருந்தன. நம்மைச் சுடத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஊரே நம்பியது. நகரத்துக்குள் வரும் பண்டங்களுக்கு வரி வாங்கிய சுங்கச் சாவடிகளை எரித்தார்கள். 14ஆம் தேதி காலை இன்வாலித் என்ற படைவீரர் இல்லத்தில் சுமார் 30,000 துப்பாக்கிகளை எடுத்தார்கள். வெடிமருந்துப் பீப்பாய்களோ பாஸ்டிலுக்குப் போயிருந்தன. அதனால் அங்கே போனார்கள். தாக்கியவர்களில் 98 பேர் இறந்தார்கள். தாக்கியவர்களில் பெரும்பாலானோர் தச்சர், பூட்டுத் தொழிலாளி, செருப்புத் தைப்பவர் என்று உழைத்துப் பிழைத்தவர்கள். அவர்களை வெறும் கும்பல் என்று எழுதாதீர்கள்.

கேள்வி: பாஸ்டில் கைதிகளை விடுவிக்கத்தானே போனார்கள்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: நெப்போலியன்?

பதில்: அவர் ஆட்சியைப் பிடித்தது 1799இல். இன்று 1789 மட்டும்.

கேள்வி: ரொட்டி விலைதான் காரணம் என்றால் 1775இல் ரொட்டி விலை ஏறி மூண்ட மாவுக் கலகத்திலேயே முடியாட்சி ஆடியிருக்க வேண்டுமே? உங்கள் வாதம் நிற்கவில்லை.

பதில்: நல்ல கேள்வி. பசி மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். 1775இல் படை மன்னர் சொல் கேட்டது, கலகம் அடங்கியது. 1789இல் மூன்றாம் வகுப்பின், அதாவது குருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களின், பிரதிநிதிகள் தங்களைத் தேசிய சபை என்று அறிவித்துவிட்டார்கள். ஏழைகளுக்கு முதல்முறையாக ஒரு நம்பிக்கை வந்தது.

கேள்வி: நம்பிக்கை கோட்டையைப் பிடிக்குமா?

பதில்: பிடிக்காது. பீரங்கி வேண்டும். அதனால்தான் பாரிஸில் இருந்த மன்னரின் படையான பிரெஞ்சுக் காவற்படையைக் கவனியுங்கள் என்று எப்போதும் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில், ரெவெய்யோன் என்ற சுவர்த்தாள் ஆலை முதலாளி கூலி பற்றிப் பேசிய பேச்சால் செயின்ட் அந்துவான் புறநகரில் கலவரம் மூண்டபோது, மக்களைச் சுட்டது இந்தப் படைதான். ஜூனில் இவர்களில் சிலர் கட்டளையை மறுத்துச் சிறைக்குப் போனார்கள். ஜூன் 30 அன்று மக்களே சிறைக் கதவை உடைத்து அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டே வாரம் கழித்து, ஜூலை 14 பிற்பகலில், பாஸ்டில் வாசலுக்குப் பீரங்கிகளை இழுத்து வந்தவர்கள் அந்தக் காவற்படையினர். மாலை 5 மணி வாக்கில் கோட்டை பணிந்தது.