ஜூரியில் உட்கார்ந்த பிறகு ‘இது எனக்குத் தெரிந்த விஷயமாச்சே’ என்று தோன்றினால்?

கேள்வி: அட்லாண்டா பக்கம் இருக்கிறேன். போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது, அதற்குள் கவுண்டி கோர்ட்டிலிருந்து ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) சம்மன். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 2024 படத்தைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அதில் கொலை வழக்கு ஜூரியில் உட்கார்ந்தவனுக்கு, அன்று மழையில் தன் கார் இடித்தது மான் இல்லை, செத்துப்போன பெண்தானோ என்று சந்தேகம். எனக்கும் பாதி விசாரணையில் ஏதாவது நினைவுக்கு வந்தால்? பணம் கொடுத்தால் சம்மனையே ரத்து செய்து தருகிற ஆள் இருக்கிறாராமே?

பதில்: முதலில் அந்த ஆளை விட்டுத் தொலையுங்கள். சம்மனை ரத்து செய்ய ஏஜென்ட் என்று ஒருவர் கிடையாது. இதே ரகத்தில் இன்னொரு கூட்டம் போன் செய்யும்: “ஜூரிக்கு வரவில்லை, உங்கள் மேல் வாரண்ட், உடனே கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்கள்.” எந்தக் கோர்ட்டும் போனில் அபராதம் வசூலிக்காது. நான் வக்கீல்; என் கட்சிக்காரர் ஒருவர், நன்றாகப் படித்தவர், கடை கடையாக ஏறி கார்டு வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்குப் போன் செய்தார். குடியுரிமை புதிதாக வாங்கியவர்களின் பயம்தான் இவர்களுக்கு முதலீடு.

சரி, உங்கள் கேள்வி. ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது சத்தியம் வாங்கிக்கொண்டு, வழக்கைப் பற்றி என்ன தெரியும், யாரைத் தெரியும் என்று கேட்பார்கள். அப்போது உண்மையிலேயே நினைவில்லாமல் “தெரியாது” என்றால் அது பொய்ச்சாட்சி ஆகாது. நினைவு வந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தப்பு. மற்ற ஜூரர்களிடம் மூச்சு விடாதீர்கள். ஒரு சீட்டில் எழுதி, நீதிபதியிடம் சேர்க்கச் சொல்லி பெய்லிஃபிடம் (ஜூரியைக் கவனித்துக்கொள்ளும் கோர்ட் ஊழியர்) கொடுங்கள். நீதிபதி தனியே கூப்பிட்டுக் கேட்பார். தேவைப்பட்டால் உங்களை அனுப்பிவிட்டு, மாற்று ஜூரரை உட்கார வைப்பார். அவ்வளவுதான்.

உள்ளே இருந்துகொண்டே ஒற்றை ஆளாகப் பிடிவாதம் பிடித்து, குற்றம் சாட்டப்பட்ட அப்பாவியைக் காப்பாற்றிவிடலாம் என்பதெல்லாம் சினிமா. கடுங்குற்ற வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். வராவிட்டால் விசாரணை செல்லாமல் போகும், விடுதலை கிடைக்காது. அரசுத் தரப்பு மறுபடி வழக்கை நடத்தலாம். அதுவரை அவர் சிறையிலேயே கிடக்கவும் நேரலாம்.

விஷயம் உங்களையே மாட்டிவிடும் என்றால் மட்டும் கொஞ்சம் நிதானம். சீட்டில் விவரம் வேண்டாம். “நான் தொடர்வது சரியில்லை, காரணம் சொல்வதற்கு முன் வக்கீலிடம் பேச வேண்டும்” என்பது போதும். உங்களுக்கு எதிராக நீங்களே சொல்லத் தேவையில்லை என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமை. வக்கீலிடம் சொன்னது ரகசியம்தான். ஆனால் வக்கீல் ஆலோசனைக்காகச் சொல்லியிருக்க வேண்டும். பார்ட்டியில் தட்டோடு நிற்கும் வக்கீல் நண்பரிடம் புலம்பினால் அது ரகசியமாக நிற்குமா என்பது சந்தேகம். பக்கத்தில் மைத்துனர் நின்று கேட்டிருந்தால் இன்னும் சந்தேகம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வக்கீல் இருக்கிறார் என்று அங்கே போட்டீர்களானால், சொல்லவே வேண்டாம். சினிமாவில் ஒரு டாலரை நீட்டியதும் ரகசியம் பூட்டிக்கொள்ளும். நிஜத்தில் டாலர் முக்கியமில்லை, தனியாக, ஆலோசனை கேட்டுப் பேசினீர்களா என்பதே முக்கியம்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் உறவினருக்கும் இப்படிச் சம்மன் வந்தால் படிவத்தில் ‘குடிமகன் இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். தெரியாத்தனமாகக் ‘குடிமகன்’ என்று டிக் அடித்துவிட்டால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. அந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சடிக்க என்ன கேடு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தேதி ஒத்துவரவில்லை என்றால் சம்மனில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதுங்கள், முதல் தடவை தள்ளிவைப்பது பெரும்பாலும் சுலபம். பெடரல் கோர்ட்டிலேயே நாளுக்கு 50 டாலர்தான் தருகிறார்கள், கவுண்டியில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பாதிப் பேரைக் கேள்விகூடக் கேட்காமல் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு புத்தகமும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துப்போங்கள்.