உறைமோர் கேட்கப் போன ஆத்தா

அன்புள்ள சார்,

நவம்பர் 25 அன்று எங்கள் அலுவலக ஆண்கள் எல்லோரும் வெள்ளை ரிப்பன் குத்திக்கொண்டு, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தோம். போட்டோவும் எடுத்தார்கள். இதனால் பயன் உண்டா? ஆண்களும்தான் வீட்டில் அடி வாங்குகிறார்கள் என்கிறார் நண்பர். இன்னொன்று, பக்கத்து ஃபிளாட்டில் அடிக்கடி அந்தப் பெண்ணை அடிக்கும் சத்தம் கேட்கிறது. கணவன் மனைவி விஷயத்தில் தலையிடலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கடைசியில் எழுதியிருப்பதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியல் பொறியியல் கல்லூரி ஒன்றில் துப்பாக்கியோடு நுழைந்தவன், வகுப்பிலிருந்த ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று அந்தக் கல்லூரியில் 14 பெண்கள் செத்தார்கள். அதன் பிறகு, 1991-ல் கனடாவின் ஆண்கள் சிலர் தொடங்கியதுதான் உங்கள் சட்டையில் இருந்த ரிப்பன். துப்பாக்கி முனையில் வெளியே போன அந்த மாணவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. நம்மை யார் துப்பாக்கி காட்டி வெளியே அனுப்பினார்கள்?

நண்பரை விடுங்கள். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அடி வாங்குவது யாரென்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர் ராத்திரி மனைவியை அடிப்பார். அப்பா ரேடியோவைக் கூட்டி வைப்பார். அப்பாவைப் பெற்ற ஆத்தா மட்டும் சொம்பை எடுத்துக்கொண்டு, டார்ச் அடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கதவைத் தட்டி, "உறை ஊத்தக் கொஞ்சம் மோர் குடு கண்ணு" என்பாள். எங்கள் வீட்டிலேயே மோர் இருக்கும். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவார். அந்த அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மோர் ஊற்றுவார். ஆத்தா லேசில் எழுந்திருக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் அவரும் அப்பாவும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். அப்பா ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவின் மேல் கை வைக்காதவர் அப்பா. அதுவே போதும் என்று இருந்துவிட்டார். எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். அந்த ஆளுக்கு வேண்டியிருந்தது பெஞ்சில் இருந்தவர்களின் மரியாதை. அதை அவர்கள் தினமும் டீயோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நீங்களும் லிஃப்டில் பக்கத்து ஃபிளாட்காரருக்கு குட் மார்னிங் சொல்கிறீர்கள்தானே?

2008-ல் 'பெல் பஜாவோ', அதாவது 'மணியை அடியுங்கள்' என்றொரு இயக்கம் இங்கே நடந்தது. அதன் விளம்பரத்தில் ஓர் ஆண், அடி விழும் வீட்டின் மணியை அடித்துப் பால் கேட்பார். பார்த்ததும் ஆத்தாவை நினைத்து அழுதுவிட்டேன்.

சரி, தலையிடலாமா? 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. பெண்கள் உதவி எண்ணான 181-க்கும் பேசலாம். ஆனால் முதலில் அந்தப் பெண் தனியாக இருக்கும்போது, என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். கணவரிடம் பேசுவதானால் "எனக்குக் கேட்டது" என்று மட்டும் சொல்லுங்கள். மனைவி சொல்லிக்கொடுத்தாள் என்று நினைத்தால், அதற்கும் அவளுக்குத்தான் அடி விழும்.

உறுதிமொழி பற்றி அப்புறம் பேசலாம். இன்று ராத்திரி சத்தம் கேட்டால், ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் மணியை அடியுங்கள். சர்க்கரை கேளுங்கள்.