குளோரீனுக்கு 18.5 நியூத்திரன்களா?

கேள்வி: நான் திருகோணமலையில் தரம் 10 படிக்கிறேன். திணிவெண்ணிலிருந்து அணுவெண்ணைக் கழித்தால் நியூத்திரன் எண்ணிக்கை வரும் என்று படித்தோம். ஆவர்த்தன அட்டவணையில் குளோரீனுக்கு 35.5 என்று இருக்கிறது. அணுவெண்ணான (புரோத்தன் எண்ணிக்கை) 17ஐக் கழித்தால் 18.5 வருகிறது. கிட்டிய முழு எண்ணாக்கிக் கழிக்கலாமா?

பதில்: கழித்த முறை சரி, எடுத்த எண்தான் பிழை. 35.5 திணிவெண் அல்ல, சாரணுத்திணிவு. திணிவெண் என்பது ஓர் அணுவின் கருவிலுள்ள புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் எண்ணிக் கூட்டியது. எண்ணியதில் அரை வராது. சாரணுத்திணிவு ஒரு சராசரி.

வீட்டிலிருக்கும் கல்லுப்பை எடுங்கள். அதிலுள்ள குளோரீன் அணுக்கள் எல்லாவற்றிலும் 17 புரோத்தன்கள்தான். ஆனால் ஏறக்குறைய நாலில் மூன்றில் 18 நியூத்திரன்கள், மிச்சத்தில் 20. இவை குளோரீன்-35, குளோரீன்-37 என்னும் சமதானிகள். (3×35 + 1×37) ÷ 4 = 35.5. உண்மையான வீதம் 75.76 : 24.24, சமதானிகளின் துல்லியமான திணிவுகளையும் சேர்த்துக் கணித்தால் 35.45 வரும். பாடசாலைக் கணக்குக்கு 3 : 1 போதும்.

முழு எண்ணாக்கும் குறுக்குவழியை விட்டுவிடுங்கள். சோடியத்தில் அது பலிக்கும்: 22.99ஐ 23 ஆக்கி 11ஐக் கழித்தால் 12. இயற்கையில் சோடியம்-23 ஒன்றுதான் நிலைத்திருப்பதால் வந்த அதிர்ஷ்டம் அது. அதே வழியில் புரோமீனின் 79.90ஐ 80 ஆக்கினால் 45 நியூத்திரன்கள் கிடைக்கும். இயற்கைப் புரோமீனோ 79உம் 81உம் ஏறக்குறையப் பாதிப் பாதியாகக் கலந்தது. நியூத்திரன்கள் 44 அல்லது 46. நீங்கள் கண்டுபிடித்த 45 எந்தப் போத்தலிலும் இல்லை! ஆகவே வினாவில் திணிவெண் தந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். "குளோரீனின் நியூத்திரன்கள் எத்தனை" என்று மட்டும் கேட்டால் இரண்டு சமதானிகளையும் எழுதுவதே சரியான விடை.

அயன்களிலும், அதாவது ஏற்றம் பெற்ற அணுக்களிலும், பலர் சறுக்குவார்கள். ஏற்றம் மாறும்போது மாறுவது இலத்திரன் மட்டும், கருவைத் தொடக்கூடாது. குளோரீன் அணுவின் இலத்திரன் நிலையமைப்பு (உள்ளிருந்து ஒவ்வோர் ஓட்டிலும் உள்ள இலத்திரன்கள்) 2, 8, 7. ஒன்றை ஏற்றுக் குளோரைட்டு அயனானால் 2, 8, 8. புரோத்தன்கள் அப்போதும் 17தான். புரோத்தன் ஒன்று கூடினால் அது குளோரீனே அல்ல, ஆகன். சமதானிகள் ஒரே மாதிரித் தாக்கமடைவதற்கும் காரணம் இலத்திரன் அமைப்பு ஒன்றாக இருப்பதே. திணிவெண்ணும் அயனாவதால் மாறாது. ஓர் இலத்திரனின் திணிவு புரோத்தனின் 1836இல் ஒரு பங்குதான்.

பயிற்சிக்கு உங்கள் மாவட்டத்துச் சரக்கு ஒன்று: புல்மோட்டைக் கறுப்பு மணலிலுள்ள இல்மனைட் என்னும் கனியம். அதில் ஓர் இரும்புக்கு ஒரு தைத்தேனியம், மூன்று ஒட்சிசன். ஏற்றங்கள் முறையே +2, +4, −2, மூன்று ஒட்சிசனையும் எண்ணிக் கூட்டினால் பூச்சியம். அணுவெண்கள் 26, 22, 8. ஒவ்வோர் அயனிலும் எத்தனை இலத்திரன்கள்? 24, 18, 10 என்று வரவேண்டும். 28, 26, 6 வந்தால் நேர் ஏற்றத்துக்கு இலத்திரனைக் கூட்டி, மறை ஏற்றத்துக்குக் கழித்திருக்கிறீர்கள்.