ஓரத்தை வெட்ட விடாதீர்கள்

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை மகன் எங்கள் புதுமனைப் புகுவிழாவுக்கு ஒரு கல்லச்சுப் படம் கொடுத்தான். பெரிய வெள்ளைத் தாள். ஒரு மூலையில் கறுப்புக் கட்டம், அதன் அடியில் மெல்லிய சிவப்புக் கோடு. அவ்வளவுதான். கீழே பென்சிலில் 17/60, ஒரு கையெழுத்து. “அச்சடித்த தாளுக்கு இத்தனை பெருமையா?” என்கிறார் என் வீட்டுக்காரர். வெள்ளையை வெட்டிச் சின்னதாக்கி லேமினேட் செய்யலாம் என்கிறார் பிரேம் கடைக்காரர். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் அந்தக் கடைக்குப் போன் போட்டு, கத்தரியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் இது எங்கோ மாட்டியிருக்கும் ஓவியத்தின் நகல் இல்லை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல், எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் ஓவியரே வரைவார். பிசின் கரைசல் பூசி, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஈரமான இடம் தள்ளிவிடும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்போமே, வித்தையே அதுதான். 1796 வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்தது. இப்போது கல்லுக்குப் பதில் உலோகத் தகடும் உண்டு. 60 பிரதி அடித்து முடித்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவது வழக்கம். 17 என்பது உங்கள் பிரதியின் எண். ‘அசல்’ என்று வேறொன்று கிடையாது.

உங்கள் கேரளத்துக்கும் இது புதிதல்ல. கிளிமானூர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி வீட்டுக்கு வீடு லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுபோய்ச் சேர்த்தது இதே கல்லச்சால்தான்.

வாட்ச் ரிப்பேர் கடையில் கண்ணில் மாட்டுவார்களே, அந்த லென்ஸை ஒருநாள் இரவல் வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். காலண்டர் படத்தில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் புள்ளிபுள்ளியாக அணிவகுத்திருக்கும். உங்கள் கறுப்புக் கட்டத்தில் அந்த அணிவகுப்பு இருக்காது. குச்சியால் வரைந்திருந்தால் விளிம்பில் கல்லின் சொரசொரப்பே தெரியும்.

வெள்ளை வீண் இடமா? அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் 1963-64இல் ‘18 கேன்டோஸ்’ என்ற கல்லச்சுத் தொகுதி செய்தபோது, வண்ணத்தைச் சுற்றி எத்தனை வெள்ளை விடுவது என்று ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக யோசித்தார். உங்கள் கட்டம் மூலைக்குப் போனதும் அப்படி யோசித்துத்தான் இருக்கும். வெள்ளையை வெட்டினால் அது நடுவுக்கு வந்துவிடும். அப்புறம் அது வெறும் கட்டம்.

எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. பிரேமுக்குக் கொடுத்த ஒரு சின்ன அச்சுப் படத்தை ‘நீட்டாக’ வெட்டி, எண்ணும் கையெழுத்தும் இருந்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டார் ஒரு கடைக்காரர். கேட்டதற்கு, “பென்சில் கிறுக்கல்தானே சார்!”

லேமினேஷன் கூடவே கூடாது. ஒட்டினால் பிரிக்க முடியாது. பெவிகாலும் செலோடேப்பும் வேண்டாம். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை அமிலமில்லாததாகக் கேளுங்கள். பாலக்காட்டில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் பக்கம்தானே. பிரேமின் கண்ணாடி, படத்தாளின் மேல் படக்கூடாது. இடவப்பாதி மழையில் ஓதம் ஏறும் சுவரும், நேர் வெயில் படும் சுவரும் வேண்டாம். பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் ஓவியம், காலண்டர் என்று பேதம் பார்ப்பதில்லை.

தங்கை மகனிடம் ஓவியர் பெயரையும் வருடத்தையும் கேட்டு, பிரேமின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். தாளில் எழுத வேண்டாம், பால்பாயின்ட் பேனாவால் நிச்சயமாக வேண்டாம்.